வாய்க்குள் வரும் கடல்: பாக்கு நீரிணை நீச்சலும் உப்புநீரும்

கடலில் நெடுந்தூரம் நீந்துபவர் எவரும் உப்புத் தண்ணீர் குடிக்காமல் கரை சேர்வதில்லை. எவ்வளவு குடித்தார், குடித்த பிறகு உடம்பு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதில்தான் வேறுபாடு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இந்தச் சிக்கல் பெரிய அளவில் எழுந்தது 1954இல். அச்சுவேலிக்கு வடகிழக்கே சில மைல் தள்ளி, நீரேரி கடலில் சேரும் இடத்தில் உள்ள ஊர் தொண்டைமானாறு. அவ்வூரைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அந்த ஆண்டு மார்ச் மாதம் வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்களில் முதல்வராக அறியப்படுபவர் அவரே.

அந்த வட்டாரத்துக்கு உப்புநீரோடு பழைய வழக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறும் மழைநீர், அடியில் பரவியிருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். அச்சுவேலிக்கு அருகே புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கடல்நீர் நீரேரிக்குள் ஏறாமல் தடுக்கவே தொண்டைமானாற்றுத் தடுப்பணை கட்டப்பட்டது. உவர் ஏறிய வயலை மீட்க மழைத்தண்ணீர்தான் வேண்டும் என்பதை அங்குள்ள கமக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நீச்சல்காரரின் உடம்புக்கும் அதே கணக்குத்தான்.

கணக்கு எளிது. ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஒரு மடக்கு 30 மில்லிலீட்டர் என்று கொண்டால், மடக்குக்கு ஒரு கிராம். உலக சுகாதார அமைப்பு பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. ஐந்து மடக்கில் அந்த எல்லை தொட்டாயிற்று. சிறுநீரகத்தால் ஏறக்குறைய இரண்டு சதவீதம் வரைதான் சிறுநீரில் உப்பைச் செறிவாக்க முடியும். ஆகவே ஒரு லீட்டர் கடல்நீரின் உப்பை வெளியேற்ற ஒன்றரை லீட்டருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். போதாத தண்ணீர் உடம்பிலிருந்தே உருவப்படும். தண்ணீருக்குள் கிடந்துகொண்டே நா வறள்வது இதனால்தான். கடல்நீரில் உள்ள மக்னீசியமும் சல்பேற்றும் பேதிமருந்தின் வேலையையும் செய்கின்றன. முதலில் குமட்டல், பிறகு வாந்தி, வயிற்றோட்டம். வாந்தியோடு, குடித்த உணவும் போய்விடும். நெடுநேர நீச்சல்கள் பல பாதியில் நின்றதற்குக் கைகால் சோர்வைவிட இரைப்பை ஒத்துழைக்காததே காரணம்.

நவரத்தினசாமி நீந்துவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1952இல், பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பார் காற்றடைத்த சிறு படகில் 65 நாட்களில் அத்திலாந்திக்கைக் கடந்து, கடல்நீரைச் சிறுகச் சிறுகக் குடித்தும் உயிர்வாழலாம் என்று வாதிட்டார். அவர் மழைநீரையும் மீனிலிருந்து பிழிந்த நீரையும் குடித்தவர். பின்னர் அதே கடலைத் தனியாகக் கடந்த ஜேர்மன் மருத்துவர் ஹானெஸ் லிண்டெமான் கடல்நீர் கேடே செய்யும் என்றார். மருத்துவ உலகம் லிண்டெமானின் பக்கம் நின்றது.

குடிக்காமல் தப்புவதற்கு முதல் வழி, நாள் பார்ப்பது. வாடைக்காற்றிலும் சோளகத்திலும் பாக்கு நீரிணை கொந்தளிக்கும். பெரும்பகுதி ஆழமில்லாத கடலாகையால் அலை குட்டையாகவும் அடுத்தடுத்தும் எழுந்து முகத்தில் அடிக்கும். மூச்செடுக்கும் நேரமும் அலை வரும் நேரமும் ஒன்றானால் ஒரு மடக்கு உறுதி. பங்குனி, சித்திரையில் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கும். நவரத்தினசாமி மார்ச்சில் நீந்தினார். 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்திய மிஹிர் சென் ஏப்ரலில் நீந்தினார். பிற்காலத்தவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களையே தேர்ந்தார்கள். கரையோர மீனவருக்குத் தெரிந்த காற்றுக் கணக்கே இந்த நீச்சல்களுக்கும் அடித்தளம்.

அடுத்தது நீச்சல் முறை. 1875இல் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்த மத்தியூ வெப் நெஞ்சு நீச்சலில் தலையை நீருக்கு மேலே வைத்தே நீந்தினார். அது மெதுவானது; ஆனால் வாய்க்குள் தண்ணீர் குறைவாகப் போகும். முன்னோக்கிக் கைவீசி நீந்தும் வேகமுறையில் முகம் நீருக்குள் கிடக்கும். தலை நீரைக் கிழித்துச் செல்லும்போது கன்னத்தருகே ஒரு பள்ளம் விழுகிறது. தேர்ந்தவர்கள் வாயின் ஓரத்தை மட்டும் அந்தப் பள்ளத்தில் திறந்து மூச்செடுப்பார்கள். முகம் நீருக்குள் இருக்கையில் தொடர்ந்து மூச்சை ஊதிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே வர இடம் இராது. இடம், வலம் இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகியவர், காற்று வரும் பக்கத்துக்கு முகத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருப்பிக்கொள்ளலாம். துணைப்படகைக் காற்று வரும் பக்கம் ஓட்டினால் அலை சற்றே மட்டுப்படும். ஆனால் எண்ணெய்ப் புகை நீந்துபவரின் முகத்துக்கு வந்துவிடும். குமட்டலுக்கு உப்பைப் போலவே புகையும் காரணம் என்பதால் இதில் படகோட்டியின் அனுபவமே தீர்ப்பு.

மூன்றாவது, ஊட்டுவது. கால்வாய் நீச்சலின் மரபுப்படி நீந்துபவர் படகையோ ஆளையோ தொடக்கூடாது. நீண்ட கழியில் கட்டிய கோப்பையிலோ கயிற்றில் கட்டிய போத்தலிலோதான் உணவு வரும். வெப் பிராந்தியும் மாட்டிறைச்சிச் சாறும் குடித்தார். இன்று அரைமணிக்கு ஒருமுறை மாச்சத்துக் கரைசலைச் சிறிதளவாகக் கொடுப்பதே வழக்கம். வாயை நல்ல தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் குடிப்பது நாக்குக்கு ஆறுதல். பல மணித்தியாலம் உப்பில் ஊறிய நாக்கும் உதடும் வீங்கி, விழுங்குவதே வலியாகிவிடும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் இங்கே எப்போதும் பொருந்தாது. உப்பு ஏற்கெனவே மிஞ்சியவருக்கு வேண்டியது தண்ணீரும் சக்கரையும். பொட்டாசியம் மிகுந்து சோடியம் குறைந்த இளநீர், இரு கரையிலும் மலிவாகக் கிடைக்கும் நல்ல பானம்.

இத்தனைக்கும் மேலே நேரம் இருக்கிறது. வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பவும் நீந்தி வந்தபோது 51 மணித்தியாலம் கடலில் இருந்தார். 2021இல் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர அதே இருவழியை 28 மணி 19 நிமிடத்தில் முடித்தார். கடலில் கழியும் மணிகள் குறைந்தால் விழுங்கும் மடக்குகளும் குறையும். ஆழிக்குமரன் என்று அழைக்கப்பட்ட ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்தார்.

கரையேறியதும் தாகம் தீர ஒரேயடியாக வெறும் தண்ணீரைக் குடிப்பது சரியல்ல. பல மணிநேரம் அளவு மீறித் தண்ணீர் குடித்து வந்தவருக்கு இரத்தத்தில் சோடியம் தாழ்ந்தும் போயிருக்கலாம். தலைவலியும் குழப்பமும் அதன் அறிகுறிகள். சிறுநீர் தாராளமாகப் பிரியும்வரை கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர் என்று சிறுகச் சிறுகக் கொடுப்பதே நல்லது. வயிற்றுக்குப் போன உப்புநீர் ஒரு நாளில் சரியாகிவிடும். நுரையீரலுக்குள் போனது அப்படியல்ல: இருமலும் மூச்சுத்திணறலும் சில மணிநேரம் கழித்தும் தொடங்கலாம், அப்போது அவரை வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.