மேசைமீது இறங்கிய கடற்பருந்து

ஆண்டு மலர் என்றவுடன் கடாரம் கொண்டான் செலுத்திய கலங்களைப் போற்றி எழுதுவது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் குறை கூறோம். ஆயினும், நம் காலத்துக் கடற்படைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை நாம் கற்றது நூலகத்திலன்று. ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள நம் இல்லத்து மேசைமீது ஒரு சிறு பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டிய பொழுதேயாம்.

அவ்விமானத்தின் பெயர் 'ஸீ ஹாக்', கடற்பருந்து எனலாம். இங்கிலாந்தின் ஹாக்கர் நிறுவனம் வகுத்த இதன் முதல் முன்மாதிரி 1947 செப்டம்பர் 2இல் பறந்தது. நம் கடற்படையின் முதல் ஜெட் போர் விமானம் இதுவே. இதனை ஓட்டுதற்கென 300ஆம் அணி 1960 ஜூலை 7இல் வேல்ஸ் நாட்டின் பிராடி தளத்தில் அமைக்கப்பெற்றது. வெள்ளைப் புலி அதன் சின்னம். விக்ராந்த் கப்பல் 1961 மார்ச் 4இல் பெல்பாஸ்டில் நம் கொடியை ஏற்றது. அவ்வாண்டு மே 18இல் அதன் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் தஹிலியானி. பிற்காலத்தில் கடற்படைத் தலைவராக உயர்ந்தவர்.

நம் உருமாதிரி எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினது. அஃதாவது, ஆறடிக்கு ஓர் அங்குலம். 1936இலேயே இவ்வளவில் பிளாஸ்டிக் விமானங்கள் இங்கிலாந்தில் விற்கப்பட்டன. முப்பத்தொன்பது அடிச் சிறகு மேசைமேல் ஆறரை அங்குலமாகச் சுருங்கிவிடுகின்றது. ஒட்டத் தொடங்கிய பின்னரே அதன் நுட்பம் விளங்கிற்று. எந்திரம் ஒன்றே, ஆயின் அதன் புகைபோக்கி வாலுக்குச் செல்லவில்லை. இரண்டாகப் பிரிந்து, இரு சிறகுகளின் அடியிலும் பின்புறமாக வெளிப்படுகின்றது. வால்பகுதி இவ்வாறு வெறுமையாக, அங்கே எரிபொருள் நிரப்பினர். கடல்மேல் பறப்பார்க்குக் கூடுதலாய் ஒவ்வொரு துளியும் உயிரன்றோ! நமக்கோ அவ்வால் ஒரு தொல்லை. மூக்கினுள் ஈயக்குண்டு வையாமல் ஒட்டியதால், விமானம் வாலைத் தரையில் ஊன்றி வானத்தை நோக்கிற்று. பிரித்து மீண்டும் ஒட்டினோம்.

அடுத்த தெருவில் ஒரு முதியவர் உளர். கடற்படையில் விமானப் பழுது பார்த்தவர். அவரிடம் காட்ட விரும்பினோம். கப்பலில் இடம் சுருக்கச் சிறகை மடிப்பதுண்டு. ஆதலின் நாமும் மடித்தே வைக்கலாமா என்று வினவினோம். "விரித்தே வையுங்கள், ஐயா. டிசம்பரில் அவை மடங்கிக் கிடக்கவில்லை" என்றார்.

அவர் குறித்தது 1971. விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் வெடிப்பு. முழு வேகம் இல்லை. விமானத்தை வீசும் பொறிக்கும் நீராவியே வேண்டும். அத்தகைய கப்பலிலிருந்தே டிசம்பர் 4ஆம் நாள் கடற்பருந்துகள் எழுந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அப்போரில் ஒன்றையேனும் இழக்கவில்லை என்பது, இரவெல்லாம் ஓட்டை அடைத்த தொழிலாளர்க்கும் உரிய பெருமை. அவர்தம் பெயர்களை எந்த மலரும் அச்சிட்டதாக நாம் அறியோம். 1983இல் ஸீ ஹாரியர் வந்தது, பருந்துகள் ஓய்ந்தன. விக்ராந்த் 1997இல் பணி முடித்து, 2014இல் உடைக்கப்பட்டது. உடைத்த செய்தியைப் படித்த நாளைப்பற்றி முதியவர் பேச மறுத்துவிட்டார்.

நம் நகரும் இவ்வரலாற்றிற்கு அயலன்று. கடற்படைக்கான தேஜஸ் 2012 ஏப்ரல் 27இல் பெங்களூரில்தான் முதன்முதல் பறந்தது. 2020 ஜனவரி 11இல் விக்ரமாதித்யாவின் தளத்தில் இறங்கியது.

வண்ணம் உலர்ந்ததும் முதியவரிடம் கொடுத்தோம். மேலே கருஞ்சாம்பல், கீழே வெளிர்பச்சை. பெட்டியிலிருந்த ஆங்கிலேய வட்டங்களை நீக்கி நம் மூவண்ண வட்டம் தீட்டியிருந்தோம். உள்ளங்கையில் ஏந்தி, கண்ணருகே கொணர்ந்து, தலைகீழாகத் திருப்பினார்.

"கொக்கி எங்கே? கம்பியைப் பிடிக்காமல் எப்படி இறங்குவான்?"

குப்பையில் எறிந்த பிளாஸ்டிக் சட்டத்தைத் தேடி எடுத்தோம். அரையங்குலக் கொக்கி அதில் ஒட்டியபடியே இருந்தது. அதனை அவரே வெட்டி, நடுங்கும் விரலால் பசை தொட்டு, வாலடியில் பொருத்தினார்.