தொழுவுரமும் தழைச்சத்தும்: ஹோவர்டின் வாசிப்பு குறித்து ஒரு மறுப்பு

பெரம்பலூர், அரியலூர் கரிசலில் கோதுமை விளைவதில்லை, மக்காச்சோளமும் பருத்தியும்தான். ஆனாலும் இங்கே குப்பையடித்த நிலத்திலேயே யூரியாவும் போடும் வழக்கத்துக்குப் பின்னுள்ள அறிவியல் வழக்கு, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் கோதுமை வயலில் 1843இல் தொடங்கியது. அவ்வழக்கில் இன்றும் மேற்கோளாக வருவது, ரசாயன உரம் மண்ணுக்குப் பகை என்ற, இயற்கை வேளாண்மை முன்னோடி ஆல்பர்ட் ஹோவர்டின் தீர்ப்பு.

1940இல் வெளியான நூலில் ஹோவர்டு அந்த வயலையே குற்றக்கூண்டில் ஏற்றினார். சிறு பாத்தி முழுப் பண்ணைக்குச் சான்றாகாது என்றார். கோதுமைக்குப் பின் கோதுமை என்று விடாமல் விதைப்பது உழவே அன்று என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் சோதனை முறையில் குறை இருப்பதால் ரசாயனத் தழைச்சத்து மண்ணுக்குப் பகை என்று ஆகிவிடாது. அதே ரோதம்ஸ்டெட்டில் ஹட்சின்சனும் ரிச்சர்ட்சும் வைக்கோலோடு அம்மோனியா உப்பைச் சேர்த்து மக்கவைத்து, செயற்கைத் தொழுவுரம் செய்யும் வழியை 1921இல் வெளியிட்டனர். ஹோவர்டு அதை அறிந்தவர். 1931இல் வாட் என்பவரோடு எழுதிய நூலில் அதை விவாதித்தவர். உப்பும் மட்கும் கூடிவாழும் என்பதற்கான சான்று அவர் கையிலேயே இருந்தது.

ஊட்ட ஆய்வாளர் மக்காரிசனையும் ஹோவர்டு தம் பக்கச் சாட்சியாக நிறுத்தினார். குன்னூரில் இருந்த மக்காரிசனும் கோவை வேளாண் வேதியியலர் விசுவநாத்தும் 1926இல் எழுதிய கட்டுரையை இங்கே நின்று படிக்க வேண்டும். உரமிடும் முறையால் சிறுதானியம், கோதுமை ஆகியவற்றின் ஊட்டமும் வைட்டமினும் எப்படி மாறுகின்றன என்பதே அதன் பொருள். தொழுவுரத்தில் விளைந்த தானியமே மேல் என்று அது கண்டது. ஆனால் அளந்தது தானியத்தின் தரத்தை, விளைச்சலை அன்று. இதைவிட முக்கியம், அங்கே தொழுவுரமும் ரசாயன உரமும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கப்படவில்லை. கேட்காத கேள்விக்கான விடையை அதன்மேல் ஏற்றுவது தவறு.

விடை பின்னர் வந்தது. ரோதம்ஸ்டெட்டில் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம் பெற்ற பாத்தி ஒன்றில் 1968 முதல் 96 கிலோ தழைச்சத்தும் சேர்ந்தது. குட்டை ரகங்கள் வந்தபின், தொழுவுரம் மட்டும் பெற்ற பாத்தியை அது விஞ்சியது. கோவையில் 1972இல் தொடங்கிய கேழ்வரகு–மக்காச்சோள நீண்டகாலச் சோதனையிலும் தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளோடு 10 டன் தொழுவுரம் பெற்ற பாத்தியே முந்தியது. தழைச்சத்து மட்டும் பெற்றது பின்தங்கியது.

காரணம் மண்ணில் இருக்கிறது. தொழுவுரம் தழைச்சத்தை மெல்ல விடும். வேகமாக வளரும் மக்காச்சோளம் அவ்வளவு பொறுக்காது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலின் மேல் தூவிக் கிடக்கும் யூரியாவோ அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். காய்ந்த தட்டையை அப்படியே மடக்கி உழுதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்.

கோடையில் ஆட்டுக்கிடை கட்டி, புரட்டாசியில் விதைத்து, ஈரம் கண்டு யூரியா வைக்கும் முறை இவ்வட்டாரத்தில் எந்த ஆண்டில் ஒன்றுகூடியது என்று வரையறுக்க இயலாது. கிடை பழையது, யூரியா பரவியது பசுமைப் புரட்சிக் காலத்தில். மானாவாரிக் கரிசல் மக்காச்சோளத்துக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரத்தோடு தழைச்சத்தும் இட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மாடு குறைந்த ஊரில் அந்த 12.5 டன் கிடைப்பதுதான் அரிது. குப்பை இல்லாமல் யூரியா மட்டும் விழும் நிலங்களைப் பொறுத்தவரை ஹோவர்டின் எச்சரிக்கை இன்னும் செல்லும்.