ஊர்வலக் கார்: புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய திறந்த வண்டிகளின் மதிப்பு மாறிய வரலாறு

கூரையை மடக்கி வைக்கக்கூடிய கார், கூரையைக் கழற்றிவிட்ட ஜீப், கூரை வெட்டப்பட்ட அம்பாசிடர் ஆகிய மூன்றையும் தமிழ்நாட்டில் 'ஓப்பன் வண்டி' என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். பட்டறையில் இவை மூன்றும் வேறு வேறு. மக்கள் மனத்தில் மூன்றுக்கும் ஒரே வேலைதான்: ஒருவரை உட்கார வைத்தோ நிற்க வைத்தோ ஊர் பார்க்க அழைத்துச் செல்வது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பழைய திறந்த காரை மலிவாக வாங்குபவர் அதைத் தானே ஓட்டிக் காற்று வாங்கவே வாங்குகிறார். புதுக்கோட்டை மாவட்டத்தின் வெயிலிலும் செம்மண் புழுதியிலும் அந்த ஆசைக்கு இடம் குறைவு. இங்கே திறந்த வண்டியின் மதிப்பு பின்னிருக்கையில் இருப்பவரைச் சார்ந்தது. வாங்கும்போது விலை குறைவாகவும் வாடகைக்கு விடும்போது நாளுக்குக் கூடுதலாகவும் இந்த வண்டிகள் இருந்துவந்ததற்கு இதுவே காரணம்.

தொடக்கத்தில் திறந்த கார் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்து, மேலே மடக்கும் கித்தான் கூரையும் பக்கவாட்டில் செல்லுலாய்டு ஜன்னல் வைத்த திரைகளும் பொருத்துவதே கார் கட்டுவதற்கு எளிய வழி. மூடிய உடலுக்குத் தச்சு வேலை மிகுதி, கண்ணாடி மிகுதி, எடை மிகுதி, ஆகவே விலையும் மிகுதி. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது திறந்தவை. 1920களின் இறுதியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. ஹட்சன் நிறுவனம் 1922-இல் எசெக்ஸ் கோச் என்ற மூடிய காரைத் திறந்த காரைவிடச் சற்றே கூடுதலான விலைக்குக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் அதைவிடக் குறைத்தும் விற்றது. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி உடல் செய்யும் முறை பரவியதும் மூடிய கார் மலிவானது. மழை, குளிர், தூசி மூன்றிலிருந்தும் காப்பது விலையிலும் குறைந்துவிட்டால் பழையதை யார் விரும்புவார்? திறந்த கார் பழசாகவும் மலிவாகவும் ஆனது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தியாவுக்கு இம்மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தது. கனடா ஃபோர்டின் கிளை நிறுவனம் 1926-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் தொடங்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. அதற்கு முன் வந்த கார்களில் பெரும்பாலானவை கித்தான் கூரை வண்டிகளே.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். திருச்சிராப்பள்ளியிலிருந்து ரயில் பாதை புதுக்கோட்டையை எட்டியது 1929-இல். அங்கிருந்து மானாமதுரைவரை நீண்டது 1930-இல். அதுவரை சமஸ்தானத்துக்குள் வருவதும் போவதும் சாலை வழியாகத்தான். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய அந்தச் சாலைகளில், டி.வி. சுந்தரம் ஐயங்கார் போன்றோர் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய 1910களில், மோட்டாரும் ஓடத் தொடங்கியது. சமஸ்தானத்தின் தென்பகுதியில் ராயவரம், அரிமளம், கோனாபட்டு, ராமச்சந்திரபுரம் முதலிய நகரத்தார் ஊர்கள் இருந்தன. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழிலில் சேர்ந்த பணம் இவ்வூர்களில் வீடுகளாக எழுந்தது. வீட்டோடு காரும் வந்தது.

திறந்த காரின் தனி மதிப்புக்கு ஊரின் அமைப்பும் துணைநின்றது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சர் அ. சேஷய்ய சாஸ்திரியார் காலத்தில் புதுக்கோட்டை நகரம் நேரான அகன்ற வீதிகளுடன் திருத்தியமைக்கப்பட்டது. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி என அரண்மனைப் பகுதியைச் சூழ்ந்து செல்லும் வீதிகளும், அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என அடுக்கடுக்காக வருபவையும் ஊர்வலத்துக்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. தசரா இந்தச் சமஸ்தானத்தின் பெருவிழா. மன்னரும் தெய்வமும் வீதியில் வருவதைக் கண்டு பழகிய மக்களுக்கு, உயர்ந்த இடத்தில் அமர்ந்து மெல்ல நகர்ந்துவரும் ஒருவரைப் பார்ப்பது புதிதன்று. யானையும் பல்லக்கும் சாரட்டும் செய்த வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. மூடிய கார் அதைச் செய்ய முடியாது. உள்ளே இருப்பவர் முகம் தெரியாது, மாலை தெரியாது.

இதனால்தான் தினப் பயணத்திலிருந்து விலகிய பின்னும் திறந்த கார் அழியவில்லை. திருமணத்துக்கு முந்தைய மாலை கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துவரும் சடங்கில் அது நிலைபெற்றது. பிராமணர் வீடுகளில் அது ஜானவாசம், பிற சமூகங்களில் மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் நாகஸ்வரமும் தவிலும், இருபுறமும் தலையில் காஸ் லைட் சுமந்த ஆட்கள், நடுவே பூச்சரங்களால் மூடப்பட்ட கார், அதில் மாப்பிள்ளையைச் சுற்றி இடம் பிடித்த சிறுவர் கூட்டம். நடக்கும் வேகத்துக்கு மேல் வண்டி போகக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை பழைய காரின் குறைகளில் பாதியை மறைத்துவிட்டது. வேகம் தேவையில்லாததால் தேய்ந்த என்ஜின் போதும். ஊர் எல்லையைத் தாண்டாததால் டயர் பழசானாலும் பரவாயில்லை. மழைக்காலம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை என்பதால் தையிலும் வைகாசியிலும் நடக்கும் கல்யாணங்களுக்குக் கிழிந்த கூரையாலும் பெரிய தொல்லை இல்லை. தேவைப்பட்டவை மூன்றே: பளபளக்கும் பெயின்ட், நல்ல ஹாரன், அகன்ற பின்னிருக்கை. மெல்ல ஓடும்போது ரேடியேட்டர் கொதிப்பதுதான் ஓட்டுநரின் பெரிய கவலை. தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் கூடவே நடந்தார்.

1942-இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்ததும் நகரத்தார் அங்கு முடக்கியிருந்த முதல் பெருமளவு கைவிட்டுப் போனது. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பேருந்துகளே கரிவாயுவில் ஓடின. பெரிய கார்களை வைத்துக் காப்பது பல குடும்பங்களுக்குச் சுமையானது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானபோது அரண்மனை சார்ந்த வாழ்வும் சுருங்கியது. தனி மாவட்டமாக அது மீண்டது 1974-இல். இடைப்பட்ட காலத்தில் வண்டி கைமாறிய திசை ஒன்றுதான்: பெரிய வீட்டுக் கொட்டகையிலிருந்து வாடகைக்கு விடுபவரின் கொட்டகைக்கு.

போர் இன்னொரு திறந்த வண்டியையும் கொண்டுவந்தது. 1941 முதல் போர் முடியும்வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. முன்கண்ணாடியை பானட்டின் மேல் சாய்த்துவிடலாம், கித்தான் கூரையைச் சில நிமிடங்களில் கழற்றலாம். போர் முடிந்ததும் எஞ்சிய ராணுவ வண்டிகள் 'டிஸ்போசல்' விற்பனையில் மலிவாகப் போயின. பழைய ஜீப்பைப் பற்றிய ஐயமும் அப்போதே எழுந்தது. 1948-இல் இந்திய ராணுவத்துக்காக லண்டனிலிருந்த தூதரகத்தின் வழியாகப் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து வாங்கச் செய்த ஒப்பந்தம், நாட்டின் முதல் பெரிய கொள்முதல் சர்ச்சையானது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படுத்தத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. பழைய ராணுவ வண்டியை வாங்குபவர் சேஸிஸ் எண்ணையும் என்ஜினையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அரசாங்கமே விலை கொடுத்துக் கற்றது.

ஆயினும் ஜீப்பின் மதிப்பு ஏறியது. அதற்கு அரசு அலுவலகம்தான் காரணம். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பின், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் கிராமங்களுக்குள் வரத் தொடங்கியது. தாசில்தார், காவல்துறை, மலேரியா ஒழிப்பு, குடும்பநலம் எனத் துறை எதுவானாலும் வருவது ஜீப். அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்க் கரையிலும் அன்னவாசல் பக்கத்துப் பாறை வழியிலும் கார் போகாத இடத்துக்கு அது போனது. அதிகாரம் ஏறிவந்த வண்டி என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. ஆயுள் முடிந்து 'கழிவு செய்யப்பட்ட' ஜீப் பொது ஏலத்துக்கு வந்தபோது, அந்த எண்ணத்தையும் சேர்த்தே மக்கள் வாங்கினார்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் விவசாயிகள், செங்கல் சூளைக்காரர்கள், ஒப்பந்தக்காரர்கள், கட்சிக்காரர்கள். வாரநாட்களில் உர மூட்டை ஏற்றிய ஜீப், திருவிழா நாளில் கூரை கழற்றிக் கழுவி மாலை போடப்பட்டு ஊர்வலத்துக்குத் தயாரானது. தேர்தல் காலத்தில் அதன் தேவை இன்னும் கூடியது. திறந்த ஜீப்பில் நின்றபடி வாக்குக் கேட்கும் வேட்பாளர், தமிழ் நாளிதழ்களில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக மாறாமல் வரும் படம்.

இதே காலத்தில் வெளிநாட்டுத் திறந்த கார் அரிய பொருளாகிவிட்டது. உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் கார்களைப் பூட்டி விற்க இடமில்லை என்று 1953-இல் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பின் செவ்ரலே போன்ற வண்டிகள் புதிதாகக் கிடைக்க வழியில்லை. தூதரகத்தினர் விட்டுச்சென்ற கார்களை 1956-இல் அமைந்த அரசு வணிகக் கழகம் விற்றபோதுதான் பெரும்பாலும் அவை வந்தன. அவற்றை எடுத்தவர்களில் திரைப்படத் துறையினர் முக்கியமானவர்கள். நாயகனும் நாயகியும் பாடிக்கொண்டே போகும் காட்சிக்குக் கூரை இல்லாத கார் கேமராவுக்கு வசதி, ஒளியும் தடையில்லாமல் விழும். இந்தத் தொழில்நுட்பத் தேவை, செல்வத்தின் அடையாளமாகத் திரையிலிருந்து மக்களிடம் இறங்கியது. 1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியதும் அதே பெரிய கார்கள் உரிமையாளருக்குத் தாங்க முடியாதவை ஆயின. சிலவற்றுக்கு டீசல் என்ஜின் பொருத்தப்பட்டது, பல கல்யாண வாடகைக்கு வந்தன. திரையில் கண்ட காரில் ஒரு மாலை உட்காரும் வாய்ப்பு சிறு நகரத்து மாப்பிள்ளைக்கும் கிடைத்தது. மலிவுப் பொருளின் வரலாற்றில் இது மகிழத்தக்க பகுதி.

அசல் திறந்த கார் கிடைக்காத இடத்தில் பட்டறைகள் அதை உண்டாக்கின. இங்கே வண்டியின் உள்ளமைப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் கூரை வெட்டிய கார்களின் நற்பெயரும் கெட்ட பெயரும் அதில்தான் அடங்கியுள்ளன. ஜீப்பிலும் 1930களின் கார்களிலும் கனமான சேஸிஸ் தனியாக இருக்கிறது, உடல் அதன்மேல் உட்காருகிறது. கூரையை எடுத்தாலும் வலு குறைவதில்லை. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இவ்வகையே. அதன் பிரிட்டிஷ் மூலமான டிரையம்ப் ஹெரால்டில் கூரை போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. கழற்றினால் ஏறத்தாழத் தொழிற்சாலையே செய்த திறந்த கார் கிடைத்துவிடும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி வந்த அம்பாசிடரோ ஃபியட் 1100-ஓ அப்படியல்ல. அவற்றில் தரை, கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை அறுத்தால் நடுவில் வண்டி தொய்யும். முதலில் கதவு சரியாக மூடாது, பிறகு வாசற்படித் தகடு விரியும், பள்ளத்தில் இறங்கும்போது முன்கண்ணாடி விரிசல் விடும். கவனமுள்ள டிங்கர் தரைக்கடியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, கதவுகளையும் நிரந்தரமாக ஒட்டிவிடுவார். அவசரக்காரர் கூரையை மட்டும் அறுத்து விளிம்பில் ரெக்சின் ஒட்டிவிடுவார். வெளியே இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வாங்குபவர் ஏமாந்தது பெரும்பாலும் இங்கேதான்.

பிரிட்டனில் பழைய எம்.ஜி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார்களுக்கும் 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5க்கும் இதே கெட்ட பெயர் உண்டு: ஒழுகும் கூரை, துருப்பிடித்த வாசற்படி. அங்கே துருவுக்குக் காரணம் மழையும் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும். புதுக்கோட்டையில் கித்தானை வெயிலே தின்கிறது. பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி நொறுங்குகிறது. தரைக் கம்பளத்தின் அடியில் படியும் செம்மண், ஒரு மழை நனைத்ததும் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை அரிக்கிறது.

1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸி, தனிச் சேஸிஸும் கித்தான் கூரையும் கொண்டு ஜீப்பின் இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. காவல்துறையும் ராணுவமும் பெருமளவில் வாங்கியதால் ஏலத்துக்கும் தாராளமாக வந்தது. 2010-இல் மகிந்திரா தார் வந்தது. 2020-இல் அதன் புதிய வடிவமும் மடக்கும் கூரையோடு கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்தே திறந்த வண்டியாகப் பதிவாகி வந்தது ஜிப்ஸி, தார் இரண்டின் தனிச்சிறப்பு. சட்டத்தின் பார்வை இறுகியபின் இதுவே முக்கியமாகிவிட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-இல் திருத்தப்பட்டு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றானது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கூரை வெட்டிய அம்பாசிடர் அன்றிலிருந்து ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாத வண்டி. எஃப்.சி.யும் காப்பீடும் வேண்டுவோர் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

ஏல வழியும் அடைபட்டுவருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க இயலாது. பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்குமான சில சிறப்பு வாகனங்கள் நீங்கலாக மற்றவை பதிவுபெற்ற உடைப்பகங்களுக்கே போக வேண்டும். ஒன்றிய அலுவலகத்து ஜீப் கழிவாகி விவசாயி கைக்கு வந்த பாதை இதனால் மூடப்பட்டது. கையில் இருக்கும் பழைய ஜீப்புகளுக்குப் பசுமை வரியும் பதிவுப் புதுப்பிப்புச் செலவும் ஏறுகின்றன. ஆர்.சி. சரியாக உள்ள பெட்ரோல் ஜீப்பையும் ஜிப்ஸியையும் தேடிப் பிடித்துச் சீரமைக்கும் இளைஞர்கள் விலையை உயர்த்திவிட்டார்கள். ஒரு காலத்தில் மலிவுக்காக வாங்கப்பட்ட வண்டி இன்று மலிவாகக் கிடைப்பதில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைத் தார் வருகிறது, அல்லது சன்ரூஃப் வழியாக மாப்பிள்ளை எழுந்து நிற்கும் புதுக் கார் வருகிறது.