வண்டியை ஓட்டியவள்

வீட்டை வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதை மேற்கிலிருந்து வந்த பழக்கமாகவே பார்க்கிறோம். 2021-இல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோதும் அது புதுமையாகவே தோன்றியது. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட வண்டி, இரவில் அதை நிறுத்தித் தங்க ஓர் இடம். ஆனால் பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்துகிற எனக்கு இந்த வண்டி புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணரின் உப்பு வண்டிக்குக் கூரை உண்டு. அதில் கோழி அடைகிறது. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. புளித்த காடி வைத்த கலத்தைக் கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். மாடுகளை ஓட்டுகிறவள் ஒரு பெண், அதுவும் கைக்குழந்தையோடு இருப்பவள். ஆண்கள் உடன் நடந்து வருகிறார்கள்.

இந்தப் பகுதியை உவமைகளுக்காகவே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வண்டியை ஓட்டுகிறவள் பெண் என்பதை எந்த வகுப்பிலும் யாரும் நிறுத்திச் சொன்னதில்லை. நான் நிறுத்திச் சொல்கிறேன். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணத்தைத்தான் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமாக அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அங்கே இன்றும் உப்பளங்கள் உண்டு. வில்லியனூரும் பாகூரும் அந்தக் கடற்கரைக்கு அருகே உள்ள நாட்டுப்புறம். சிறுபாணாற்றுப்படையிலும் பெண்கள் வழியில் இருக்கிறார்கள். நடந்து களைத்த விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் 'சேம அச்சு' பற்றிச் சொல்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் இன்னோர் அச்சு அது. வண்டிகளை அருகிலிருந்து பார்த்த ஒரு பெண்ணின் கண்ணுக்குத்தான் அது அகப்படும். உமணர் தங்கிவிட்டுப் போன இடத்தில் அவர்கள் கூட்டிய கல்லடுப்பை, பின்னால் வந்தவர்கள் சமைக்கப் பயன்படுத்தியதை அகநானூறு சொல்கிறது. இரவுத் தங்கல், பொது அடுப்பு, மாற்று அச்சு எல்லாம் அன்றே இருந்தன. வழி அவளுக்கு அயலிடமாக இருக்கவில்லை.

பிறகு வந்த காலத்தில் வழியோரத்தில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெண்களின் பெயர்கள்தாம். தஞ்சை மராட்டிய அரசர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். பலவற்றுக்கும் அரண்மனைப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் 1802-இல் எழுந்தது முத்தம்பாள் சத்திரம். முத்தம்பாள் இரண்டாம் சரபோஜியின் மணமுடித்த அரசி அல்லர். 'ஆசைநாயகி' என்று நம் நூல்கள் ஒரே சொல்லில் அவரைக் கடந்துவிடுகின்றன. சாகும்போது தன் பெயரில் அன்னசத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். அரண்மனையில் பட்டம் பெறாத ஒருத்தி, வழிப்போக்கர்களின் வாயில் தன் பெயர் வாழட்டும் என்று கேட்டிருக்கிறாள்.

இந்தச் சத்திரங்களைப் பற்றிச் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லோருக்கும் சோறு, நோயாளிக்கு மருத்துவர், குழந்தைக்குப் பால் என்று அது அடுக்குகிறது. அதில் என்னை நிறுத்திய செய்தி வேறு. வழியில் வந்த கர்ப்பிணி சத்திரத்தில் பிள்ளை பெற்றால், மருந்தும் செலவும் சத்திரத்தைச் சேரும். மூன்று மாதம் வரை அவள் அங்கேயே தங்கலாம். அரசர் தம் அறத்தைத் தாமே மெச்சி எழுதியது என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும், நிறைமாதப் பெண் ஒருத்தி பாதையில் இருப்பாள் என்று அந்த ஏற்பாடு எதிர்பார்த்திருக்கிறது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த சத்திரங்களும் இதே நாட்டில் இருந்தன என்பதை மறந்துவிட்டு இதைக் கொண்டாட வேண்டியதில்லை.

சத்திரத்துக்கு அரசி வேண்டும். சாதாரணப் பெண்ணுக்கு வழியோரத்தில் கிடைத்தது சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையை இன்னொருவர் கை உதவாமல் இறக்கி வைக்கும் உயரத்தில் எழுப்புவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனவள் நினைவாக அதை வைப்பது வழக்கம். இறக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக ஊரார் சுமையைத் தாங்கும் கல். அது ஈரமான வழக்கம்தான். ஆனாலும் பாதையில் நிற்கும் உரிமை அவளுக்குக் கல்லான பிறகே வருகிறது.

புதுச்சேரியின் ஆயி கதையையும் இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்கிறேன். முத்திரையர்பாளையம் பக்கம் பயணம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். தாசியின் வீடு என்று தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே இடித்துக்கொள்வதாக அனுமதி கேட்டு, அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. அவள் நினைவாகப் பாரதி பூங்காவில் வெள்ளை மண்டபம் நிற்கிறது. பயணி செய்த பிழைக்குத் தண்டனை வீட்டுக்காரிக்கு. அவளுடைய தியாகத்தைப் பாடப்புத்தகம் போல ஒப்பிக்கும் நாம், வீடு போன பிறகு அன்றிரவு அவள் எங்கே தூங்கினாள் என்று கேட்பதில்லை.

பெயராக இல்லாமல் உடம்போடு வழியில் இருந்த பெண்கள் என்ன ஆனார்கள்? பாகூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மாசி மகத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருக்காஞ்சிக்குப் போன கதையை என் ஆயா சொல்லுவார். சங்கராபரணி ஆற்றங்கரையில் வண்டியை அவிழ்த்துவிட்டு இரவு தங்குவார்கள். ஆண்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுக் கூத்து பார்க்கப் போவார்கள். பெண்கள் கல் கூட்டிச் சோறாக்குவார்கள். "சாமி பாக்கப் போறோம்னுதான் பேரு. அங்கயும் நான் அடுப்பத்தான் பாத்தேன்" என்பார். ஒதுங்குவதற்கு இருட்டும் வரை காத்திருந்ததையும், விடியுமுன் எழுந்ததையும் சொல்லிவிட்டு, "ஆனா அந்த ஒரு ராத்திரி வானத்தப் பாத்துப் படுத்தேன்டி" என்றும் சொல்லுவார். இந்த இரண்டு வாக்கியங்களில் எதை விட்டாலும் அது பொய்யான வரலாறாகிவிடும்.

வண்டியே வீடாக, பாதையே பிழைப்பாக இருந்தவர்களுக்கு நேர்ந்தது கொடுமை. சென்னை மாகாணத்தில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்ற கொறவர், எருகுலர் பற்றி மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஆங்கில ஆட்சியின் உப்புக் கொள்கையும் ரயிலும் அவர்களுடைய வணிகத்தைச் சிதைத்த விதத்தை அதில் காட்டுகிறார். விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல். வணிகம் போன பிறகு அலைவதே குற்றமானது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயரைப் பதிய வேண்டும், நடமாட்டத்தைச் சொல்ல வேண்டும், சில கூட்டத்தாரைக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். 1952-இல் சட்டம் நீங்கியது. சந்தேகம் நீங்கவில்லை. உமணப் பெண் ஓட்டிய வண்டியைச் செவ்வியல் என்று பாடம் நடத்துகிறோம். பாசிமணி விற்கும் பெண் ஏரிக்கரையில் கூடாரம் போட்டால், எப்போது கிளம்புவாள் என்று கேட்கிறோம்.

பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளையும் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலையும் பார்க்க மாணவியரை அழைத்துப் போவதுண்டு. ஒவ்வொரு முறையும் வழித்தடத்தைத் தீர்மானிப்பது வரலாறு அல்ல, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பப்படுகிறவர்கள் பாதிக்கு மேல். மோட்டார் வீட்டில் ஊர் சுற்றும் கனவை அவர்களிடம் சொன்னால், முதல் கேள்வி வண்டியின் விலை பற்றி வராது. "ராத்திரி எங்க மேடம் நிறுத்துவோம்?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு 1801-இன் கடிதத்தில் ஒரு பதில் இருந்தது. நம் சுற்றுலாத் திட்டங்களில் கேரவனுக்கு இடம் ஒதுக்குவார்கள், மின் இணைப்பும் தருவார்கள். அதே சாலையில் தலைச்சுமையோடு நடக்கிறவளுக்கும், கூடாரத்தில் பிள்ளை பெறுகிறவளுக்கும், கல்வெட்டு பார்க்க வந்த மாணவிக்கும் ஒரு விளக்கு, ஒரு குழாய், உள்ளே தாழிடும் ஒரு கதவு வேண்டும். அதைக் கட்டிவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.