வன்னி வளவுகளில் கறையான் புற்றும் புற்றுக்காளானும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வேலியோரமாகவும் கொட்டிலின் பின்புறத்திலும் எழும் புற்றுகளைக் கட்டுபவற்றுள் ஒடொண்டோடெர்மிஸ் இனக் கறையான்கள் முக்கியமானவை. பூச்சி, பங்கசு, களை மூன்றையும் வீட்டு வளவிலேயே அவதானிக்க விரும்புவோருக்கு, ஐப்பசியில் மாரி தொடங்கும்போது புற்றடியே உகந்த இடம்.

இக்கறையான்கள் உக்கிய மரத்தையும் காய்ந்த புல்லையும் தின்றாலும் அவற்றை முழுமையாகச் சமிபாடடையச் செய்ய இயலாது. எச்சத்தைக் கொண்டு புற்றினுள் துளைகள் நிறைந்த அடைகளைக் கட்டுகின்றன. அவற்றில் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பங்கசு வளர்ந்து, கடின நாரை உடைத்து இலகுவாக்குகிறது. அடையை உடைத்துப் பார்த்தால் குண்டூசித் தலையளவான வெண்மணிகள் தெரியும். பங்கசின் இம்மணிகளும் பழைய அடையுமே கறையானின் உணவு. பேராதனையில் பணியாற்றிய தொம் பெட்ச் 1906இலேயே இலங்கைப் புற்றுகளின் பங்கசுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைப் பின்னர் 1942இல் ரொஜர் ஹெய்ம் வகுத்தார்.

மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். இறகுதிர்த்த சோடி புதுக்குடி அமைக்கும்போது பங்கசைக் கொண்டுபோவதில்லை. பின்னர் வேலைக்காரக் கறையான்களே அப்பங்கசின் காளான் உதிர்த்த வித்திகளை வெளியிலிருந்து சேகரிக்க வேண்டும். ஆகவே புற்றுக்காளானை ஒன்றும் மிச்சமின்றிப் பிடுங்குவது புத்திசாலித்தனமன்று. அதன் தண்டு நிலத்துக்குள் வேர்போல் நீண்டு அடைவரை செல்லும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். கறிக்கு எடுப்போர் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். புல்தரையில் முளைத்து, முதிரும்போது குடையடி மடிப்புகள் பச்சையாகும் பெரிய வெண்காளான் நஞ்சுடையது.

இதே நாட்களில் மண்ணில் ஊரும் செந்நிறத் தம்பளப்பூச்சி உண்மையில் பூச்சியன்று, எட்டுக்காலுள்ள உண்ணி இனம். கறையானும் அதன் இரைகளில் ஒன்று.

புற்றை வெட்டப் பலரும் தயங்குவர். புளியங்குளத்தை அண்டிய புதூர் நாகதம்பிரானை வழிபடும் மண்ணில் அது வியப்பன்று. நாகம் புற்றில் தங்குவதும் உண்மையே.

இனிக் களைகள். புற்றடியில் கொத்திய மண்ணில் முந்தி முளைப்பவை மூக்குத்திப்பூண்டு, குப்பைமேனி, நாயுருவி போன்றவை. இவற்றால் பெருந்தொல்லை இல்லை. பார்த்தீனியம் வேறு வகை. இலங்கையில் அது 1999இல் வவுனியாவில் முதலில் பதிவானது. இந்திய அமைதிப்படையோடு வந்ததென்பது பரவலான கருத்து. தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால், பூக்குமுன் கையுறையிட்டு வேரோடு பிடுங்க வேண்டும்.