பிரம்பு வாளும் இரும்புக் கவசமும்

போர்க்களத்தினின்று நீங்கிய கவசத்தை விளையாட்டிற்காக மீண்டும் அணிந்தோர் வரலாறு சுவை மிக்கது.

1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எக்ளிண்டன் பிரபு, குதிரைமீதமர்ந்து ஈட்டிகொண்டு பொரும் பழங்காலப் பெருவிழாவை நடத்தினார். கவசங்களை லண்டன் வணிகர் பிராட் அளித்தார். மக்கள் கடலெனத் திரண்டனர்; முதல் நாளே பெருமழை கொட்டியது. விழாவில் குடை விரிந்த கோலம் நகைப்பிற்கு இடமாயிற்று. பெரும்பொருள் கரைந்ததே மிச்சம்.

1966 மே 1ஆம் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நண்பர் சிலர் இதனையே எளிமையாகத் தொடங்கினர். அதினின்று வளர்ந்த கழகம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. உறுப்பினர் பலர் இரும்புத் தகட்டை வெட்டி, தட்டி வளைத்துக் கவசத்தைத் தாமே செய்கின்றனர். வாளோ, ஒன்றேகால் அங்குலப் பருமனுள்ள பிரம்பு. மூங்கிலைப்போல் அது கூராகப் பிளவாது, நார்நாராய் நையும். அடி பட்டதா என்பதை நடுவர் தீர்ப்பதில்லை; பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். வலிமையோடு வாய்மையும் அங்கே பயிலப்படுகிறது.

விலைக்கு வாங்கிய பெருமை மழையில் நனைந்தது. கையால் பழகிய கலை நிலைத்தது. ஊர்விட்டு வந்து வாழும் நாமும் சிலம்பத்தை ஆண்டுவிழா மேடையில் மட்டும் கண்டு மகிழ்தல் போதுமா? மாலைதோறும் நம் சிறுவர் கையில் கழி சுழல வேண்டாவா?