சூரிய சந்திரர் உள்ளவரை இலவசம்

கொச்சி போனவர்கள் யாரும் மட்டாஞ்சேரி பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். டச்சு அரண்மனை, மிளகு வாசம் அடிக்கும் பழைய கிடங்குகள், யூதத் தெரு, தெருக் கோடியில் மணிக்கூண்டோடு நிற்கும் பரதேசி யூதப்பள்ளி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் எல்லோரும் குனிந்து தரையைத்தான் பார்ப்பார்கள். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். (உண்மையிலேயே அழகுதான்.) ஆனால் அந்தப் பள்ளியின் பெரிய சொத்து ஓடு இல்லை. இரண்டு செப்புத் தகடுகள். மூன்று பக்கத்தில் 28 வரிகள். வட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம். மொழியைப் பழைய மலையாளம் என்பவர்கள் உண்டு, தமிழ் என்பவர்களும் உண்டு. யாராவது வாசித்துக் காட்டினால் நமக்குப் பாதி புரியும்.

இந்தத் தகடுகளைப் பற்றி இப்போது எழுதக் காரணம், மின்சாரக் கார் :-)

இங்கே கலிபோர்னியாவில் பொட்டி தட்டும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் விசா பேச்சு, வீட்டு விலை பேச்சு. இப்போது கூடவே ஒரு சார்ஜிங் பேச்சு. டெஸ்லா 2012-ல் தன் சார்ஜிங் நிலையங்களைத் திறந்தபோது, ஆரம்பக் கார்கள் பலவற்றுக்கு அங்கே ஆயுசு முழுக்க சார்ஜ் இலவசம் என்றது. 2017 ஜனவரி 15-க்குப் பிறகு ஆர்டர் செய்தவர்களுக்கு அது வருடத்துக்கு 400 யூனிட் என்று சுருங்கியது. அப்புறம் சில சமயம் திரும்ப வந்தது, ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும். இன்னும் சில சமயம், பழைய காரின் இலவசத்தை விட்டுக்கொடுத்துப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம், இந்தத் தேதிக்குள் வாங்கினால், என்று கெடு வைத்து அறிவிப்பு வந்தது. அப்படி ஒரு அறிவிப்பு வரும்போதெல்லாம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். மாற்றிக்கொள்வதா? பழைய வண்டியோடே விட்டுவிடுவதா? மாற்றாமல் விட்டால் கையிலிருக்கும் சொத்து போய்விடுமோ?

ஆயிரம் வருடத்துக்கு முன் கேரளக் கரையில் இதே கேள்விக்குச் செம்பிலேயே விடை எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம்.

செப்பேட்டைக் கொடுத்தவன் சேரமான் பெருமாள் வரிசையில் வந்த பாஸ்கர ரவிவர்மன். கொடுத்த இடம் முயிரிக்கோடு, அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம். வாங்கியவன் பெயரைத் தகட்டில் 'ஈசுப்பு இரப்பான்' என்று நம் வாய்க்கு வருகிற மாதிரி வெட்டியிருக்கிறார்கள். ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகன். யூதர்களின் மரபு இதை கி.பி. 4-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும். ஆட்சியாண்டுக் கணக்கை வைத்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வது ஏறக்குறைய கி.பி. 1000.

என்ன கொடுத்தான்? அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பின் உரிமை. அதற்குச் சேரும் வருமானம். பகலிலும் விளக்கேற்றிப் போகலாம். நடக்கிற வழியில் பாவாடை விரிக்கலாம். (நீங்கள் நினைக்கும் பாவாடை இல்லை, தரையில் விரிக்கும் துணி!) பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், தோரணம் என்று மொத்தம் 72 வரிசைகள். காசு விஷயத்தில் முக்கியமானது இதற்கு அடுத்தது. உல்கு இல்லை, துலாக்கூலி இல்லை. உல்கு என்றால் சுங்கம். திருக்குறளிலேயே வரும் சொல்தான். துலாக்கூலி என்பது சரக்கை நிறுத்துப் பார்க்கக் கொடுக்கும் கட்டணம். ஊரில் மற்றவர்கள் அரசனுக்குக் கட்டுவதை இவன் கட்ட வேண்டியதில்லை, மற்றவர்களுக்குக் கிடைப்பது எல்லாம் இவனுக்கும் உண்டு. துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய இலவசம் கிடையாது.

சும்மா கொடுப்பானா ராஜா? அந்த நேரம் தெற்கே முதலாம் ராஜராஜன் (985 - 1014) சேரநாட்டின் மேல் படையெடுத்துக்கொண்டிருந்தான். நம் பாடப்புத்தகத்தில் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்து' என்று பெருமையாகப் படித்தோமே, அந்த அடியை வாங்கிய பக்கம் இது. கப்பலும் பணமும் வைத்திருந்த கடல் வணிகர்களைத் தன் பக்கம் பிடித்து வைக்க வேண்டிய நெருக்கடியில் பிறந்த தானம் இது என்பது கேரள வரலாற்று ஆசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் கருத்து. வேணாடு, வள்ளுவநாடு, ஏறநாடு என்று அடங்கிய நாட்டுத் தலைவர்கள் எல்லாம் சாட்சி. ஆக இது பரிசு இல்லை, முதலீடு. கார் கம்பெனி கணக்கும் அதேதான். சாலையில் சார்ஜ் கிடைக்குமா என்று வாங்குகிறவன் பயந்த காலத்தில், பயத்தைப் போக்கக் கொடுத்த இலவசம். பயம் போனதும் இலவசமும் இளைத்துவிட்டது.

இப்போது பொடி எழுத்துக்கு வருவோம். சலுகை யாரோடு ஒட்டியிருக்கிறது? வண்டியோடா, வாங்கியவரோடா? கலிபோர்னியாவில் மின்சாரக் கார்கள் தனி ஆளோடு கூட்டுப்பயணத் தடத்தில் போக ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அது வண்டியில் ஒட்டியது, வண்டியோடு போகும். (2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்தத் திட்டமே முடிந்துவிட்டது.) செப்பேடு இதில் மிகத் தெளிவு. சலுகை படகோடும் இல்லை, பண்டசாலையோடும் இல்லை. ரப்பானுக்கு, அவன் ஆண் மக்களுக்கு, பெண் மக்களுக்கு, மருமக்களுக்கு, மகளைக் கட்டிய மாப்பிள்ளைகளுக்கு. எதுவரை? உலகமும் சூரிய சந்திரரும் உள்ளவரை. நம் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவல்' என்று வருமே, அதே வாய்ப்பாடு. இதைவிட அகலமான மாற்றல் விதியை இன்றைய வக்கீல்கூட எழுதித் தர மாட்டார்.

அப்படியும் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது.

முதலாவது, இடம். சேரப் பேரரசு 12-ஆம் நூற்றாண்டில் கலைந்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தோடு கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சி துறைமுகமாக எழுந்தது என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் நடந்த சண்டைகளில் மிச்சமிருந்த யூதர்களும் கொச்சிக்கு வந்தார்கள். உல்கு இல்லை என்று எழுதிய துறைமுகமே இல்லை. எழுதிய அரசனும் இல்லை. கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு இடம் கொடுத்தார், 1568-ல் பரதேசிப் பள்ளி எழுந்தது. அது புதிய அரசர் புதிதாகக் கொடுத்த ஆதரவு. அவருக்கும் வணிகர்கள் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது, வாரிசு. பரதேசி என்றால் தமிழில் நமக்கு வேறு அர்த்தம். இங்கே அயல்தேசத்திலிருந்து வந்தவர் என்று மட்டும். (அந்தக் கணக்கில் இதை எழுதும் நானும் பரதேசிதான்.) ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களும் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களுமாகச் சேர்ந்த சிறு கூட்டம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் வாழ்ந்த மலபாரி யூதர்கள்தான் எண்ணிக்கையில் பெரும்பான்மை. ஆனால் தகடுகள் இருந்தது பரதேசிகளின் பள்ளியில். 'ரப்பானின் வாரிசு நாங்கள்தான், தகடு எங்களுடையது' என்று மலபாரிகள். 'எங்களிடம் இருக்கிறதே, அதுதான் சாட்சி' என்கிற மாதிரி பரதேசிகள். இந்த வழக்கு தலைமுறை தலைமுறையாக ஓடியது. வந்து போன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இரு பக்கக் கதையையும் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களில் கிளாடியஸ் புக்கனன் 1800-களின் தொடக்கத்தில் தகடுகளுக்கு நகல் செய்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொண்டு சேர்த்தார்.

மூன்றாவதுதான் மனதை உறுத்துவது. பரதேசிகளின் வீடுகளிலேயே ஒரு பிரிவினர் இருந்தார்கள். விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் சந்ததி. அதே பள்ளி, அதே பிரார்த்தனை. ஆனால் சமமாக உட்கார இடம் இல்லை, மற்ற பரதேசிகளோடு கல்யாணம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியில் இப்படி யூதருக்குள் யூதர் ஒதுக்கப்படும் செய்தி கெய்ரோவில் இருந்த பெரிய ரபி டேவிட் இப்ன் அபி ஜிம்ராவிடம் கேள்வியாகப் போனது. முறைப்படி யூதரானவர்கள் யூதர்களே, திருமண உறவு தடையில்லை என்று பதில் வந்தது. பதில் வந்தது, பலன் வரவில்லை. செப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் நிறம் என்றோ, தாய் அடிமையா என்றோ ஒரு சொல் கிடையாது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் போகும்படி ராஜா அகலமாக எழுதியதை, கையில் வைத்திருந்தவர்கள் குறுக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882 - 1967). வக்கீல், காங்கிரஸ்காரர், தொழிற்சங்கக்காரர். காந்தியின் வழியைத் தன் சொந்தப் பள்ளிக்குள்ளேயே எடுத்துப்போனார். சத்தியாகிரகம், புறக்கணிப்பு, வருடக்கணக்கில் விடாப்பிடி. கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பெயர் அதனால் வந்தது. அவர் கேட்டது பல்லக்கும் குடையும் இல்லை. உட்கார ஒரு பெஞ்சு.

பெஞ்சு கிடைத்த காலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1949-ல் கொச்சி ராஜ்ஜியம் திருவிதாங்கூரோடு இணைந்தது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. ராஜா கொடுக்கும் வரிசைக்கு அர்த்தம் போனது. 1950-களில் மலபாரிகள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேல் போய் நெவாதிம் போன்ற கிராமங்களில் விவசாயம் பார்த்தார்கள். பரதேசிகளும் மெல்லப் போனார்கள். 1968-ல் பள்ளியின் 400-ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார். ஆனால் அதற்குள்ளேயே கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. இன்று அந்தச் சமூகம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். யாருக்குச் சொந்தம் என்று அடித்துக்கொண்ட தகடு இருக்கிறது, அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கார்க்காரர்களுக்கு நான் சொல்வது சிம்பிள். சலுகையின் பெயரைப் பார்க்காதீர்கள், நீங்கள் உண்மையில் இறக்கும் சரக்கைப் பாருங்கள். வருடம் 10,000 மைல், யூனிட்டுக்கு 4 மைல் என்றால் 2,500 யூனிட். அதில் வெளி நிலையத்தில் போடுவது ஐந்தில் ஒரு பங்கு என்றால் 500 யூனிட். யூனிட் 40 சென்ட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 200 டாலர்தான் மிச்சம். அதற்காக அவசரப்பட்டுப் பல்லாயிரம் டாலருக்குப் புது வண்டி வாங்குவது, பல்லக்கு உரிமை இருக்கிறதே என்று பல்லக்குத் தூக்கிகளை வேலைக்கு வைப்பது மாதிரி. அபார்ட்மெண்டில் குடியிருந்து எல்லா சார்ஜும் வெளியில்தான் போடுகிறீர்கள், எப்படியும் புதுக் கார் தேவை என்றால், வருடம் 1,000 டாலர். தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் 'ஆயுசு முழுக்க' என்பதில் யாருடைய ஆயுசு என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். பெரும்பாலும் அது கொடுத்தவனுடைய தேவையின் ஆயுசு.

2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இந்தச் செப்பேட்டின் நகலை அங்கே பிரதமர் நெதன்யாகுவுக்குப் பரிசாகக் கொடுத்தார். உல்கு விலக்கு அதோடு போகவில்லை :-) அதே கொச்சிக் காயலில் 2023 ஏப்ரல் முதல் வாட்டர் மெட்ரோ படகுகள் ஓடுகின்றன. மின்சாரப் படகுகள், கரையோரம் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்பவை. 72 வரிசை எதுவும் வேண்டாம், யாருடைய வாரிசு என்று யாரும் கேட்பதில்லை. டிக்கெட் எடுத்தால் உட்கார இடம் உண்டு.